எனக்கு மட்டும் கரையேறி வந்தவன்

சென்னை மாகாணம் முழுக்க அழுது தீர்த்த ஒரு நாவலுக்கு, என் ஒருவனுக்காக மட்டும் வேறு முடிவு கிடைத்தது. கவர்னர் துரைக்கே கிடைக்காத மரியாதை. மற்ற எல்லோருக்கும் அதன் கதாநாயகன் கடலில் மூழ்கிச் செத்துப்போனான். பூந்தமல்லி உலகநாதனாகிய எனக்கு மட்டும் நீந்திக் கரையேறி வந்தான். அதுவும் ஒரு தடவை அல்ல, வருஷா வருஷம்.

நம்பாவிட்டால் பாதகமில்லை. சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நாளிலேயே, நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியைச் சல்லடையில் போட்டுத்தான் ஊரார் எடுத்துக்கொள்வார்கள். பென்ஷன் வாங்கத் தொடங்கியபின் அந்த மீதியையும் நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பொய்யென்று தெரிந்தும் கூட்டம் கூடிக் கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? என்னை உறுத்தியதெல்லாம் ஒருத்தியின் மறுப்புதான். அடுத்த வீட்டு ஆரோக்கியம்மாள். அந்த முடிவு பிறந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அவளே “அப்டி ஒண்ணும் நடக்கலண்ணா” என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவள் புருஷன் ஜெயபால் மாதா கோயிலில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்வதும், அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்களின் சரித்திரத்தை உரக்க வாசிப்பதும் அவன் வேலை. அவன் வாசித்தால் திருமழிசையில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். அதைவிடப் பெரிய விசேஷம், அச்சில் இருப்பதை ஓர் எழுத்துகூட மாற்ற மாட்டான். அச்சுப்பிழை இருந்தால் பிழையோடு வாசித்துவிட்டு, மூச்சு விட்டு, திருத்தத்தைத் தனியாகச் சொல்வான். நானோ தினசரிப் பத்திரிகை வாசித்தாலே இரண்டு யானைகளை நடுவில் நுழைத்துவிடுகிறவன். இப்படிப்பட்ட இரண்டு பேர் எப்படிச் சிநேகிதர்களானோம் என்றால், நாவலால்தான். இரண்டு பேருக்கும் நாவல் பைத்தியம்.

யுத்தத்துக்குச் சற்று முன்னே ஒரு வாரப் பத்திரிகையில் ‘பழவேற்காட்டு மாலுமி’ தொடங்கியது. மூன்று பாகம். கதாநாயகன் திருமேனி, தனிப் படகில் கடலைக் கலக்குகிறவன். அவனுக்காகக் கரையில் காத்திருப்பவள் செண்பகவடிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டணத்திலிருந்து கரியில் ஓடும் பஸ் புகையும் இருமலுமாக வந்து நின்றதும், வேம்புலியின் வெற்றிலைக் கடையில் பத்திரிகைக் கட்டை அவிழ்ப்பார்கள். அப்போது அங்கே நடக்கும் தள்ளுமுள்ளில் பல்லிழந்தவர்கள் உண்டு.

நானும் ஜெயபாலும் சிக்கனக்காரர்கள். ஒரு வாரம் நான் வாங்குவது, மறு வாரம் அவன் வாங்குவது என்று பேச்சு. படித்துவிட்டுக் கைமாற்றிக்கொள்வோம். வாங்கினவன் கதைப் பக்கங்களைப் பிளேடால் கிழித்து வைத்துக்கொள்வான். கதை முடிந்ததும் இரண்டு கட்டையும் வரிசையாகச் சேர்த்து ஒரே புஸ்தகமாகப் பைண்டு செய்ய வேண்டியது. இதில் இருக்கும் ஆபத்து எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. சிநேகிதம் உடையும் என்று யார் யோசித்தார்கள்?

கடைசி அத்தியாயம் ஜெயபால் முறைக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவனால் பொறுக்க முடியவில்லை. குமணன்சாவடிக்கே நடந்து போய், அங்கேயே ஒரு பிரதி வாங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து முடித்துவிட்டான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடி வந்துகொண்டிருந்த சித்திரை மாதம் அது. பஸ் நிற்கிற இடத்தில் எள் போட இடமில்லை. நான் வேம்புலி கடை வாசலில், திருமேனி பிழைத்துவிடுவான் என்று ஊருக்கே சாதித்துக்கொண்டு நிற்கிறேன். ஜெயபால் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்து, பஸ் நிற்பதற்குள் கத்தினான்.

“போய்ட்டான்யா உலகு. கடல்ல போய்ட்டான்.”

யாரோ சொந்தக்காரன்தான் செத்தான் என்று எண்ணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெண்டுகள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். அது சென்னீர்க்குப்பம் வரைக்கும் பரவியதாகக் கேள்வி. எனக்கோ காது அடைத்துப் போயிற்று. மூன்று பாகம் காத்திருந்து, கடைசிப் பக்கத்தை நானாகப் புரட்டும் சுகத்தை நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டான். அவன் நீட்டிய பத்திரிகையை நான் வாங்கவில்லை. ‘உன் முடிவை நீயே வைத்துக்கொள்’ என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் கட்டுகளைச் சேர்க்க ஆள் விட்டான். தர மாட்டேன் என்றேன். அவன் தன் பாதியைச் சிவப்புக் காலிகோவில் பைண்டு செய்துகொண்டான். நான் என் பாதியைப் பச்சையில். பேச்சும் நின்றது.

பிறகு புஸ்தகமாகவாவது வருமா என்றால், காகிதக் கட்டுப்பாடு வந்து அதுவும் இல்லை. புதுத் தொடர்களைப் படித்துப் பார்த்தேன். பத்திரிகை மெலிந்து, கதாநாயகிகளும் மெலிந்துபோயிருந்தார்கள். ஒரு துப்பறியும் கதையில் பக்கம் போதாமல், கொலை நடந்த வாரமே கொலைகாரனைப் பிடித்துவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் என் சம்சாரம் நாகம்மாள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, அந்தப் பழைய மாலுமியையே எடுத்துப் படியுங்கள் என்றாள். அவளுக்கு எழுத்து வராது. நான் வாசிக்க, அவள் கேட்க வேண்டும். மண்ணெண்ணெய் அளந்து கொடுத்த காலம் ஆகையால், வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்தோம். பச்சைப் புஸ்தகத்தில் முதல் அத்தியாயம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினால் மூன்றாவது. நான் பாட்டுக்கு வாசித்தேன்.

“இன்னா இது, படகுல ஏறினவன் எப்டி பனமரத்து மேல கீறான்?” என்றாள்.

நடுவில் ஓர் அத்தியாயம் அடுத்த வீட்டில் ஜெயபாலிடம் இருக்கிறதென்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஞாபகத்திலிருந்தே சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். திருமேனியின் படகைச் சுறாமீன் சூழ்ந்தது என்றேன். எத்தனை சுறா என்றாள். கேட்டவள் பெண்டாட்டி ஆயிற்றே என்று தாராளமாக நாற்பது என்றேன்.

எங்கள் வீடும் ஜெயபால் வீடும் ஒட்டு வீடு. நடுச்சுவர் கூரை ஓடு வரைக்கும் போகாது. மேலே கை நுழைகிற இடைவெளி உண்டு. அவர்கள் மீன் குழம்பு வாசனையும், எங்கள் பூனையும் அதன் வழியாகத்தான் போய் வரும். நாற்பதாவது சுறா வாயைத் திறந்ததோ இல்லையோ, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொண்டை கனைத்தது. பிறகு கோயிலில் கேட்கிற அதே குரல். “அத்தியாயம் இரண்டு. ஒற்றைச் சுறா.”

தலைப்பே அதுதான். வேண்டுமென்றே அழுத்திச் சொன்னான். தொடர்ந்து, ஒரு கமா தவறாமல் அத்தியாயம் முழுவதையும் வாசித்தான். புஸ்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. நாகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பச்சையை விரித்து மூன்றாவதைத் தொடங்கினேன். முடித்ததும் அந்தப் பக்கம் நான்கு.

இப்படித்தான் ஆரம்பித்தது. அவன் ஒன்று, நான் ஒன்று. நேர்ப்பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. தெருவில் எதிர்ப்பட்டால் அவன் வேப்பமரத்தைப் பார்ப்பான், நான் ஆகாயத்தைப் பார்ப்பேன். சாயங்காலம் ஆனால் ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் எடுப்பான். இன்றுவரை உலகத்தில் எந்த இரண்டு விரோதிகளும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. பலாச்சுளையைத் தேனில் தொட்டுத் தின்கிறது போல மெல்ல மெல்லப் படித்தோம். முதல் தடவை படிக்கும்போது கதை நம்மைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மறுபடி படிக்கும்போதுதான் தோளில் கை போட்டுக்கொண்டு கூட நடக்கிறது. திருமேனி வெற்றிலை போடுகிற கை இடது கை என்பதை அப்போதுதான் கவனித்தேன். செண்பகவடிவு ஓர் இடத்திலும் வாய்விட்டு அழவில்லை என்பதையும்.

ஒரு கிளி விஷயமும் உண்டு. படகில் திருமேனி வளர்க்கிற பஞ்சவர்ணக் கிளி. முதல் பாகத்தின் முடிவில், ‘கிளி பறந்துபோய்ப் பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்தது’ என்று ஜெயபால் வாசித்தான். இரண்டாம் பாகத்தில் கிளியே இல்லை. மூன்றாம் பாகத்திலும் இல்லை. ஆசிரியர் மறந்தே போனார். நான் நாகம்மாளிடம் சொல்கிற பாவனையில் ஓடு அதிர உரக்கச் சொன்னேன்.

“அந்தக் கிளி ஏறினது ஏறினதுதான், இன்னும் எறங்கவே இல்லியே. பாவம், தாகமா இருக்காது?”

அந்தப் பக்கம் சிரிப்பு பீறிட்டு, உடனே இருமலாக மாறியது. “இப்பவாவது எழுந்து போய் அவராண்ட பேசேன்” என்றாள் நாகம்மாள். முதலில் உடைத்தவன் அவன், முதலில் வர வேண்டியவனும் அவன் என்று சொல்லிவிட்டேன். அவனும் தன் பெண்டாட்டியிடம் அதையேதான் சொல்லியிருப்பான். இரண்டு வாசலும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒரு கோழி படுத்திருக்கும், அவ்வளவுதான்.

கடைசி அத்தியாயம் அவன் கையில் இருந்தது. நான் அதுவரை படித்திராத அத்தியாயம். அது வந்த சாயங்காலம் ஜெயபால் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்தான். வாசிக்க ஆரம்பித்தான். புயல் வந்தது, படகு பிளந்தது, திருமேனி அலைக்குள் போனான். அங்கே குரல் நின்றது. பிறகு, இடறி இடறி, அவன் மேலே வாசித்தான். திருமேனியின் கை ஒரு பலகையில் பட்டது. விடியற்காலையில் பழவேற்காட்டு மணலில் கண் விழித்தான். எழுந்து ஊரை நோக்கி நடந்தான். முற்றும்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் நாகம்மாள் பொறுக்கிவைத்த கல்லையெல்லாம் மறுபடி அரிசியிலேயே கொட்டிவிட்டேன். படுபாவி, என்னைச் சீண்டுவதற்காகத்தான் பஸ்ஸில் அப்படிக் கத்தியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் வேம்புலி கடையில் போய், திருமேனி பிழைத்துவிட்டான் என்று அறிவித்தேன். வேம்புலி சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினான்.

“இன்னா நைனா, நான் கடய மூடிகினு அய்தேன். நீ இன்னாடான்னா அவன் உசுரோட கீறான்றியே.”

நான் எவ்வளவு சத்தியம் செய்தேனோ அவ்வளவுக்கு அவர்கள் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் கலப்படமில்லாமல் சொன்ன ஒரே சேதி அது.

அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். அந்தத் தடவை கடைசியில் செண்பகவடிவு மணலில் எதிரே வந்தாள். “இத்தன நாளு எங்க போன, மீன் கொயம்பு ஆறிப்போச்சி” என்றாள். மூன்று பாகமும் செந்தமிழில் பேசியவள் இப்படிப் பேசுகிறாளே, என்ன இயற்கை, என்ன மேதை இந்த ஆசிரியர் என்று வியந்தேன். போன வருஷம் இந்த இடம் வந்ததாக நினைவில்லை. மழைச் சத்தத்தில் காதில் விழாமல் போயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அதற்கு அடுத்த வருஷம், உடைந்த பாய்மரத்தின் உச்சியிலிருந்து பஞ்சவர்ணக் கிளி இறங்கி வந்து திருமேனியின் தோளில் உட்கார்ந்தது. நான் கை தட்டினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லாததை எல்லாம் நுழைக்கிறவனுக்கு, இன்னொருவன் நுழைத்ததைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் இரண்டாம் பாகத்தின் நடுவில் இருந்தோம். ஜெயபாலின் குரல் கம்மியிருந்தது. நெல்லிக்காய் தின்றிருப்பான் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அத்தியாயத்தின் பாதியில் நிறுத்தினான். சற்று நேரம் கழித்து, “மீதி நாளைக்கு” என்றான்.

புஸ்தகத்தில் இல்லாத வார்த்தை. சண்டைக்குப்பின் சுவரைத் தாண்டி வந்த முதல் சொந்த வார்த்தை. “உன்னாண்டதான் சொல்றாரு” என்றாள் நாகம்மாள். அவன் பெண்டாட்டியிடம் சொல்கிறான் என்றேன் நான். ‘சரி’ என்ற இரண்டெழுத்து என் வாயில் வந்து நின்றது. ஊர் உலகத்துப் பொய்யெல்லாம் சரளமாக ஓடுகிற வாய்.

மறுநாள் அவனை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிமோனியா. வண்டி திரும்பி வந்ததும் கோயில் மணி அடித்தது. பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரைக்கும் நடந்தேன். மண் போட்டேன். சாயங்காலம் பழக்கதோஷத்தில் பச்சைப் புஸ்தகத்தோடு சுவரோரம் உட்கார்ந்தேன். அவன் விட்ட பாதி அத்தியாயம் அந்தப் பக்கம் இருந்தது. நான் மேலே வாசிக்க வழியில்லை.

ஆறு மாதம் ஆகியும் அந்தப் பக்கத்து வீட்டில் ஆரோக்கியம்மாள் தனியாக இருந்தாள். போன வாரம் அவளை மகள் ஜெயசீலி பெரம்பூருக்கு அழைத்துப்போக வந்தாள். வண்டி பிடிக்க ஜெயசீலி போன நேரத்தில், ஆரோக்கியம்மாள் சிவப்புப் புஸ்தகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, என் கையில் கொடுத்தாள். பெரம்பூரில் இதைப் படிக்க ஆளில்லை, நீங்களே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

நான் நேரே கடைசி அத்தியாயத்தைத் திருப்பினேன். புயல். பிளந்த படகு. அலை திருமேனியை மூடியது. மூன்றாம் நாள் அவனுடைய தலைப்பாகைத் துணி மட்டும் கரை ஒதுங்கியது. செண்பகவடிவு அதை எடுத்து மடித்தாள். முற்றும். மணலில் கண் விழிக்கவில்லை. குழம்பு இல்லை. கிளி இல்லை. மறுபடி படித்தேன். மறுபடியும் செத்தான்.

அப்படியானால் பஸ்ஸில் அவன் கத்தியது நிஜம். சுவருக்கு அந்தப் பக்கம் வாசித்ததுதான் பொய். எனக்காக உண்டாக்கிய பொய். அவன் அப்படி வாசித்தது உண்மையென்றால், ஜெயபால் என்னோடு சமாதானமாகித்தான் போயிருக்கிறான், நான்தான் அறியாமல் இருந்தேன். நானே சொப்பனம் கண்டேன் என்றால், அவன் கோபத்தோடு போய்விட்டான். எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். அவளிடம் கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் அப்படி வாசிக்கிற ஆளா, அச்சில் இருக்கும் பிழையைக்கூட மாற்ற மாட்டாரே என்றாள். “அப்டி ஒண்ணும் நடக்கலண்ணா. நீங்கதான் உங்க கற்பனைய காதுல கேட்டுகினு கீறீங்க.” நாகம்மாள் சாட்சிக்கு வந்தாள். புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஆரோக்கியம்மாள் அதையும் ஒதுக்கிவிட்டாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது.

நான் புஸ்தகத்தை மூடிக் கீழே வைத்தேன். ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல், ஜெயபால் வாசித்தபடியே சொன்னேன். அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன், தண்ணீர் குடித்த இடத்தில் காத்திருந்தேன். திருமேனி மணலில் எழுந்தான். தோளில் கிளி வந்து உட்கார்ந்தது. செண்பகவடிவு எதிரே வந்தாள்.

“இத்தன நாளு எங்க போன, மீன் கொயம்பு ஆறிப்போச்சி” என்றேன்.

ஆரோக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

“அது என் வார்த்தண்ணா. நான் அடுப்பாண்ட கீறேன். அவன் திரும்பி வந்தா அந்தப் பொண்ணு இன்னா சொல்லுவா ஆரோக்கியம்னு கேட்டாரு. வேற இன்னா சொல்லுவா, கொயம்பு ஆறிப்போச்சின்னு சொல்லுவான்னேன். அப்டியே படிச்சிட்டாரு.”

வாசலில் வண்டி வந்து நின்றது. ஜெயசீலி கூப்பிட்டாள். இவள் எழுந்திருக்கவில்லை.

“கோயில்ல படிக்கிறவன் பொய் படிச்சான்னு பேரு வந்துடப் போவுது, யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினாரு. ஒவ்வொரு தபாவும் மறுநா காலைல சாமியாராண்ட போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிகினு வருவாரு. இனிமே செய்ய மாட்டேன்னுதான் வருவாரு. அடுத்த வருசம் அந்த எடம் வந்தா பொஸ்தகத்த மூடி மடியில வெச்சிப்பாரு.” சுவரின் மேலே இருந்த இடைவெளியை நிமிர்ந்து பார்த்தாள். “நடந்துச்சிண்ணா. அங்க பாத்துகினுதான் படிப்பாரு.”